நாகம் கழன்றால் விரல் இல்லை: மீள்சேர்க்கை மனித நாகவிரல் புரதம் பற்றிய எளிய விளக்கம்

வன்னியில் வயல் செய்கிற வீடுகளில் நாகச் சத்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. விதைத்து மூன்று நாலு கிழமையில் பயிர் குட்டையாக நின்று, இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுந்தால் ‘சிங்க் சல்பேற் போட்டியளோ?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அதே நாகம் எங்கள் உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிறது. அங்கே அது செய்கிற வேலைகளில் ஒன்று, சில புரதங்களை உருக்குலையாமல் பிடித்து வைப்பது. அப்படிப்பட்ட புரதங்களில் பெரிய குடும்பம் ஒன்றுக்கு நாகவிரல் புரதங்கள் என்று பெயர். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாடப்புத்தகத்தில் துத்தநாகத்தை நாகம் என்று எழுதிப் பழகியதால் வந்த பெயர் இது.

அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் உயிரியல் படிக்கப் போகிறவர்கள், உயர்தரத்தில் மீள்சேர்க்கைத் தொழினுட்பம் வரை படித்துவிட்டு ‘அடுத்தது என்ன?’ என்று நிற்பவர்கள் ஆகியோரை நினைத்து எழுதியது இது.

விரல் என்பது எது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த கயிறு. அந்தக் கயிற்றில் ஏறத்தாழ 30 அமினோ அமிலம் நீளமான ஒரு துண்டுதான் ஒரு விரல். அதற்குள் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடீனும் குறித்த இடைவெளியில் இருக்கும். சிஸ்டீன் இரண்டுக்கும் நடுவில் 2 அல்லது 4 அமினோ அமிலம் வரும். பிறகு 12 கழித்து முதல் ஹிஸ்டிடீன், இன்னும் 3 முதல் 5 கழித்து மற்ற ஹிஸ்டிடீன். இந்த நாலும் ஒரு நாக அயனை நாலு பக்கத்திலிருந்தும், நான்முகி வடிவில், பிடித்துக்கொள்ளும். மாடு கட்டும் கட்டை ஒன்றை அடித்து, ஒரே கயிற்றை நாலு இடத்தில் வளைத்து அதில் கட்டினால் கயிறு ஒரு வடிவத்துக்கு வந்துவிடும் அல்லவா, அப்படித்தான். கட்டையைப் பிடுங்கினால் கயிறு தரையில் கிடக்கும்.

பெரிய புரதங்களுக்குத் தங்கள் வடிவத்தைக் காக்க உள்ளே எண்ணெய்த் தன்மையான ஒரு கரு இருக்கும். 30 அமினோ அமிலத்துக்குள் அப்படி ஒரு நல்ல கருவை அமைக்க இடம் போதாது. ஆகவே விரலின் வடிவம் முழுக்க அந்த ஒரு நாக அயனில்தான் தொங்குகிறது. கீழே வருகிற தாங்கற் கரைசல், உப்பு, வெப்பநிலை எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் நாகத்துக்கு என்ன ஆகும்?

விரலைக் கண்டுபிடித்த கதையிலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது. 1985 இல் கேம்பிரிட்ஜில் ஆரன் குளூக்கின் ஆய்வுகூடம், ஆபிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைக் கலத்திலிருந்து எடுத்த ரி.எஃப்.மூன்று-ஏ என்ற புரதத்தை ஆராய்ந்தது. டி.ரி.ரி என்ற வேதிப்பொருள் இருந்த கரைசலில் அந்தப் புரதத் துணிக்கை பிரிந்து நாசமாகிக்கொண்டிருந்தது. காரணம் தேடியபோது, டி.ரி.ரி நாகத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. அதை விட்டுவிட்டு அளந்தபோது ஒரு துணிக்கைக்கு 7 முதல் 11 வரை நாக அயன்கள் இருந்தன. வரிசையைப் பார்த்தால் ஒரே கட்டமைப்பு ஒன்பது தரம் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பது விரல்கள். கரைசலைப் பிழையாகத் தேர்ந்திருந்தால் அந்த எண்ணிக்கை பொருந்தியிருக்காது.

1991 இல் சிஃப்268 என்ற மூன்று விரல் புரதம் டி.என்.ஏ-யோடு சேர்ந்திருக்கும் படிக வடிவம் வெளிவந்தது. விரலின் சுருள் பகுதி டி.என்.ஏ-யின் அகன்ற பள்ளத்துக்குள் நுழைகிறது. ஒரு விரல் ஏறத்தாழ மூன்று எழுத்துகளைத் தொட்டு வாசிக்கிறது. மூன்று விரல் சேர்ந்தால் ஒன்பது எழுத்து. சிஃப்268 வாசிப்பது ஜி-சி-ஜி, ரி-ஜி-ஜி, ஜி-சி-ஜி. மனித மரபுத் தொகுதியில் இந்தச் சிஸ்டீன்-ஹிஸ்டிடீன் வகைக்கு மட்டும் 700 க்கு மேற்பட்ட பரம்பரையலகுகள் உண்டு. எஸ்.பி.1 என்ற புரதத்தில் மூன்று விரல், டபிள்யூ.ரி.1 இல் நாலு, சி.ரி.சி.எஃப் இல் பதினொன்று. நாலும் சிஸ்டீனாக இருக்கிற ஹோர்மோன் வாங்கிகள் போன்ற வேறு வகைகளும் இருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

‘மீள்சேர்க்கை’, ‘மனித’ என்ற இரண்டு சொற்கள்

ரியூப்பின் மேல் மனிதப் புரதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, யாருடைய இரத்தத்திலிருந்தோ எடுத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மனிதனிடமிருந்து வந்தது வரிசை மட்டும்தான். அந்தப் பரம்பரையலகின் வரிசையைப் பிளாஸ்மிட்டு என்ற சிறு வளைய டி.என்.ஏ-யில் செருகி (இந்தச் சேர்ப்புத்தான் மீள்சேர்க்கை), பெரும்பாலும் ஈ. கோலை பற்றீரியாவுக்குள் விட்டு, அதைக்கொண்டு புரதத்தைக் கட்ட வைக்கிறார்கள். கோதுமை முளையின் சாற்றில், கலமே இல்லாமல் செய்வதும் உண்டு. சிறு துண்டுகளுக்கு ஈ. கோலை மலிவு. நீளமான முழுப் புரதத்தை ஈ. கோலையில் செய்யப் போய் உடைந்த துண்டுகளோடு மல்லுக்கட்டுவதை விட, தேவையான விரல்களை மட்டும் வெட்டி எடுத்துச் செய்வதே தொடக்கக்காரர்களுக்கு நல்லது.

தூய்மையாக்கும்போது பிடித்து எடுக்க வசதியாகப் புரதத்தின் ஒரு முனையில் ‘வால்’ ஒன்று கட்டியிருக்கும். ஆறு ஹிஸ்டிடீன் கொண்ட வால் ஒரு கிலோடால்டனும் வராது. ஜி.எஸ்.ரி வால் 26, எம்.பி.பி வால் 42 கிலோடால்டன் அளவில் வரும். மூன்று விரல் துண்டே ஏறத்தாழ 10 கிலோடால்டன்தான். ஜி.எஸ்.ரி பூட்டிய மூன்று விரலை ஜெல்லில் ஓட்டினால் பட்டை 36 இல் நிற்கும். புரதம் 10 என்று எழுதியிருக்க பட்டை 36 இல் நிற்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

செய்யும் விதம்

பிளாஸ்மிட்டு ஏற்றிய பி.எல்.21 (டி.ஈ.3) இன ஈ. கோலையை 37 பாகையில், 1 லீற்றர் ஊடகத்தில், 600 நானோமீற்றரில் அடர்த்தி 0.6 வரும் வரை குலுக்கி வளர்க்க வேண்டும். பிறகு வெப்பநிலையை 18 பாகைக்கு இறக்கி, புரதம் கட்டத் தூண்டுகிற ஐ.பி.ரி.ஜி-யை 0.2 முதல் 0.5 மில்லிமூலர் வரை சேர்த்து இரவு முழுக்க விடலாம். 37 பாகையிலேயே தூண்டினால் புரதம் வேகமாக வரும். ஆனால் மடிய நேரம் கிடைக்காமல் கட்டிகட்டியாகக் கலத்துக்குள் சேரும்.

ஐ.பி.ரி.ஜி சேர்க்கும் அதே நேரத்தில் நாகமும் சேர்க்க வேண்டும். ஏழு நீர் மூலக்கூறு உள்ள நாக சல்பேற்றில் 2.88 கிராமை 100 மில்லிலீற்றரில் கரைத்தால் 100 மில்லிமூலர் இருப்புக் கரைசல். அதில் 1 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் ஊடகத்தில் விட்டால் 100 மைக்ரோமூலர். விவசாயக் கடையில் வயலுக்கென்று விற்கிற சிங்க் சல்பேற்றை இதற்கு எடுக்க வேண்டாம். அதில் இரும்பும் கட்மியமும் கலந்திருக்கலாம். பயிர் பொறுக்கும், சிஸ்டீன் பொறுக்காது. அளவை மீறி நாகம் போட்டாலும் பற்றீரியாவுக்கு நஞ்சு.

மறுநாள் மையநீக்கியில் கலங்களை அடியிறக்கி உடைக்க வேண்டும். உடைக்கும் கரைசலுக்கு ஒரு நல்ல தொடக்கம்: ரிரிஸ் அல்லது ஹெப்பெஸ் 50 மில்லிமூலர், பி.எச் 7.5 முதல் 8 வரை, உப்பு 500 மில்லிமூலர், இமிடசோல் 20 மில்லிமூலர், கிளிசரோல் 10 வீதம், சிஸ்டீன் ஒட்சியேறாமல் காக்க (டி.ரி.ரி-க்குப் பதிலாக) ரி.சி.ஈ.பி 0.5 மில்லிமூலர். கூடவே, புரதத்தை வெட்டும் நொதியங்களைத் தடுக்கப் பி.எம்.எஸ்.எஃப். இது நீரில் விரைவாகச் செயலிழக்கும் நஞ்சு. எனவே கலங்களை உடைப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும், கையுறையும் கட்டாயம்.

இந்தச் சமையல் குறிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் இருக்கிறது. உப்பு இவ்வளவு ஏன்? விரல் டி.என்.ஏ-யைப் பிடிக்கவே பிறந்தது. உடைந்த பற்றீரியாவின் டி.என்.ஏ-யைக் கண்டால் விடாது. உப்பைக் குறைத்தால் தூய்மையான புரதம் என்று நினைத்து டி.என்.ஏ குழம்பைத்தான் எடுப்பீர்கள். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 260 நானோமீற்றரில் வரும் உறிஞ்சலை 280 இல் வருவதால் பிரித்துப் பாருங்கள். சுத்தமான புரதத்துக்கு 0.6 ஐ ஒட்டி வரும். ஒன்றைத் தாண்டினால் உள்ளே நியூக்கிளிக்கமிலம் இருக்கிறது. உடைத்த கரைசலை நிக்கல் ஏற்றிய மணிகள் அடைத்த நிரலில் விட்டால் ஹிஸ்டிடீன் வால் அதில் ஒட்டிக்கொள்ளும்; அப்படி ஒட்டியிருக்கும்போதே 1 மூலர் உப்புக் கரைசலால் நன்றாகக் கழுவ வேண்டும்.

டி.ரி.ரி-க்குப் பதிலாக ரி.சி.ஈ.பி ஏன் என்பதற்கு விடையை மேலே தவளைக் கதையில் பார்த்தோம். இரண்டாவது காரணமும் உண்டு. நிக்கல் நிரலில் டி.ரி.ரி பட்டால் நீலப்பச்சையாக இருந்த மணிகள் தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கபிலமாகிவிடும். நிக்கல் தாழ்த்தப்பட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த நிரல் இனிப் புரதத்தைப் பிடிக்காது. மணிகள் முழுக்க வெளிறி வெள்ளையாகிவிட்டால் குற்றவாளி வேறு: ஈ.டி.ரி.ஏ. அது நிக்கலையும் உருவிவிடும், விரலிலிருந்து நாகத்தையும் உருவிவிடும். புரதச் சிதைவைத் தடுக்கும் கலவை மாத்திரைகளில் ஈ.டி.ரி.ஏ உள்ளதும் இல்லாததும் என இரு வகை உண்டு. ‘இல்லாதது’ என்று பார்த்து எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் பலர் சறுக்குகிற இடம் இதுதான், ஏனென்றால் மற்றப் புரதங்களுக்கு எழுதிய செய்முறைகளில் பழக்கத்தில் ஈ.டி.ரி.ஏ வந்துவிடும்.

பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் நாகம் சேர்த்தால் வெள்ளையாகக் கலங்கும், நாக பொஸ்பேற்று படியும். நாக இருப்புக் கரைசலே கலங்கலாகத் தெரிந்தால் ஒரு துளி ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் போதும், தெளியும்.

பிறகு 250 முதல் 300 மில்லிமூலர் இமிடசோலால் புரதத்தை இறக்கி, அன்றைக்கே இமிடசோல் இல்லாத கரைசலுக்கு மாற்ற வேண்டும். அந்தக் கரைசலில் நாகம் 10 முதல் 20 மைக்ரோமூலர் வரை இருந்தால் போதும். கூடப் போட்டால் நல்லது என்று 500 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹிஸ்டிடீன் வால்களை நாகம் ஒன்றோடொன்று இணைத்து, காலையில் ரியூப்பின் அடியில் பஞ்சு மாதிரிப் புரதம் கிடக்கும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். வன்னியில் பல கிணறுகளில் வருவது வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. அந்தக் காபனேற்று நாகத்தையும் படிய வைக்கும். நீரில் உள்ள இரும்பும் செம்பும் சிஸ்டீன்களை வேகமாக ஒட்சியேற்றும். ஒட்சியேறிய இரண்டு சிஸ்டீன் தங்களுக்குள்ளேயே கைகோத்துவிட்டால் நாகத்தைப் பிடிக்கக் கை இருக்காது. அதற்குப் பிறகு எவ்வளவு நாகம் ஊற்றினாலும் பயனில்லை. முதலில் ரி.சி.ஈ.பி-யால் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட்டுத்தான் நாகம் சேர்க்க வேண்டும். ஆகவே அயனகற்றிய நீர் மட்டுமே. அதையும் நாகமுலாம் பூசிய வாளியில் பிடித்து வைக்கக் கூடாது. பிறகு நாகம் அளக்கப் போனால் வாளியின் நாகத்தைத்தான் அளப்பீர்கள்.

விலைக்கு வாங்கினால்

பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை, வாங்குகிறார்கள். 10 மைக்ரோகிராம், 50, 100 என்ற அளவுகளில் ரியூப்பில் வரும். இங்கேதான் நிதானமாக வாசிக்க வேண்டும். ‘மீள்சேர்க்கை மனித நாகவிரல் புரதம்’ என்று பெயர் இருந்தால் உள்ளே வேலை செய்கிற விரல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தையில் உள்ள பல ரியூப்கள் பிறபொருளெதிரியைப் பரிசோதிக்கவென்றே செய்தவை. அவற்றில் இருப்பது நூறு சொச்சம் அமினோ அமிலம் நீளமான ஒரு துண்டு. பல நேரம் விரல் இல்லாத பகுதியாகவே தேர்ந்திருப்பார்கள். ஏனென்றால் விரல்கள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை, விரலுக்கு எதிராக எழுந்த பிறபொருளெதிரி வேறு நாகவிரல் புரதங்களையும் பிடித்துவிடும். கரைசலில் 1 மூலர் யூரியா இருந்தாலோ, நாகமும் தாழ்த்தியும் இல்லாத பொஸ்பேற்று உப்புக் கரைசல் என்று இருந்தாலோ, அதை டி.என்.ஏ பிடிக்கும் பரிசோதனைக்கு எடுக்காதீர்கள். அது மோசமான பொருள் அல்ல, வேறு வேலைக்கானது.

கூட வருகிற விவரத் தாளில் பார்க்க வேண்டியவை: எந்த அமினோ அமிலத்திலிருந்து எது வரை, எந்த வால், எதில் செய்தது, எந்தக் கரைசல். தூய்மை 90 வீதம் என்பது எஸ்.டி.எஸ் ஜெல்லில் பட்டையைப் பார்த்துச் சொன்னது. அந்த ஜெல் புரதத்தை முழுக்க விரித்துப்போட்டுத்தான் ஓட்டுகிறது. மடிந்திருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பிறபொருளெதிரி காட்டுகிற பட்டை உண்மையானதா என்று பார்க்க, அதை இந்தத் துண்டால் தடுக்கும் பரிசோதனைக்கு வாங்குகிறவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அளவைத் தேர்வது நல்லது. பிறபொருளெதிரி 150 கிலோடால்டன். அதில் 1 மைக்ரோகிராம் என்றால் 6.7 பிகோமூல். துண்டு 25 கிலோடால்டன் என்று வைப்போம். மூல் எண்ணிக்கையில் 100 மடங்கு வேண்டுமென்றால் 670 பிகோமூல், அதாவது ஏறத்தாழ 17 மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் ரியூப் ஒரு தரத்துக்கே காணாது. இரண்டையும் கலந்து அறை வெப்பநிலையில் 30 நிமிடம் வைத்துவிட்டு, தடுக்காத அதே பிறபொருளெதிரியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். தடுத்ததில் மறைகிற பட்டைதான் உண்மையானது.

கொழும்பிலிருந்து ஏ-9 வழியாக வரும் பெட்டி நண்பகலில் கை மாறினால் உள்ளே என்ன இருந்தது என்பது முக்கியம். உலர்பனி என்றால் –78 பாகை. ஆனால் நாளாக நாளாக ஆவியாகித் தீரும். றெஜிபோம் பெட்டியைத் திறந்தவுடன் உலர்பனி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். குளிர்ப் பொதி மட்டும் வந்து, அதுவும் வெதுவெதுப்பாக இருந்தால், அந்த ரியூப்பை நம்பி மூன்று மாத வேலையைத் தொடங்கக் கூடாது.

ரியூப்பை உடனே திறக்காதீர்கள். 50 மைக்ரோலீற்றர் என்பது ஒரு சொட்டு. பயணத்தில் அது மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும், திறந்தால் கையுறையில் போய்விடும். மையநீக்கியில் 30 விநாடி சுழற்றி அடிக்கு இறக்க வேண்டும். உலர்தூளாக வந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ரியூப் வெறுமை மாதிரி இருக்கும். 10 மைக்ரோகிராம் தூளில் 100 மைக்ரோலீற்றர் விட்டால் மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம். புரதம் 30 கிலோடால்டன் என்றால் அது 3.3 மைக்ரோமூலர். இதைவிட ஐதாக்கினால் புரதம் பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குலுக்க வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கினால் போதும்.

பிறகு 5 அல்லது 10 மைக்ரோலீற்றராகப் பிரித்து –80 இல் வையுங்கள். ஒரு தரம் உருகியதைத் திருப்பி உறைய வைக்க வேண்டாம். –80 இல்லாத இடத்தில் கிளிசரோலை 50 வீதமாக்கி –20 இல் வைக்கலாம். அது கட்டியாகாது, எடுத்து எடுத்துப் பாவிக்கலாம். வீட்டுக்கு வாங்குகிற, தானாகப் பனி உருக்கும் உறைபெட்டி இதற்குச் சரிவராது. அது ஒவ்வொரு நாளும் சூடாகிக் குளிரும். கரண்ட் நிற்கிற இடங்களில் உறைபெட்டியின் வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி உறைய வைத்தால் குளிர் கூட நேரம் நிற்கும்.

விரல் வேலை செய்கிறதா?

நாகத்துக்கு நிறமில்லை, கண்ணாலோ சாதாரண நிறமாலையாலோ தெரியாது. அதனால் இரண்டு வழி. ஒன்று பி.ஏ.ஆர் என்ற சாயம். மஞ்சளாக இருக்கும், நாகத்தைப் பிடித்தால் செம்மஞ்சளாகி 500 நானோமீற்றரில் உறிஞ்சும். புரதத்தை விரித்து நாகத்தை வெளியே விட்டு அளந்தால், மூன்று விரலுக்கு மூன்றை ஒட்டி வர வேண்டும். ஐந்து வந்தால் ஹிஸ்டிடீன் வாலும் நாகத்தைப் பிடித்திருக்கிறது, வாலை வெட்டிவிட்டு அளக்க வேண்டும். இன்னொரு தந்திரம், நாகத்துக்குப் பதில் கோபாற்றைக் கொடுப்பது. விரல் மடிந்தால் நிறமற்ற கரைசலில் நீலப்பச்சை எழும்பும், 640 நானோமீற்றரை ஒட்டி உறிஞ்சும்.

இரண்டாவது வழி, டி.என்.ஏ-யைப் பிடிக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது. அடையாளமிட்ட 25 எழுத்து அளவிலான இரட்டை டி.என்.ஏ-யோடு புரதத்தை 20 முதல் 30 நிமிடம் வைத்து, 6 வீத அக்ரிலமைட்டு ஜெல்லில், புரதத்தை விரிக்காமல் ஓட்ட வேண்டும். பிடிபட்ட டி.என்.ஏ மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும். வழமையான ரி.பி.ஈ ஓட்டக் கரைசலை அரைச் செறிவில் எடுத்தாலே அதில் 1 மில்லிமூலர் ஈ.டி.ரி.ஏ இருக்கிறது. ஜெல் ஓடுகிற ஒரு மணித்தியாலத்துக்குள் அது நாகத்தை உருவக்கூடும். ஈ.டி.ரி.ஏ சேர்க்காத ரிரிஸ்-போரேற்றைத் தனியாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும் நிரல்கள் (மேலே சொன்ன நிக்கல் நிரல் அல்ல) குறைந்தது நாலு: டி.என்.ஏ மட்டும், டி.என்.ஏ-யும் புரதமும், எழுத்து மாற்றிய டி.என்.ஏ-யும் புரதமும். நாலாவதில் புரதத்தை முதலில் 10 மில்லிமூலர் ஈ.டி.ரி.ஏ-யோடு அரை மணித்தியாலம் வைத்துவிட்டு, பிறகு டி.என்.ஏ சேர்க்க வேண்டும். டி.என்.ஏ-யை முதலில் கொடுத்தால் அது விரலைப் போர்த்து நாகத்தைக் காத்துவிடலாம். இந்த நாலாவது நிரலில் மேற்பட்டை மறைந்தால் உங்கள் ரியூப்பில் விரல் இருக்கிறது. மறையாமல் நின்றால் டி.என்.ஏ-யைப் பிடித்தது வேறு ஏதோ; பெரும்பாலும் கூடவே வந்த ஒரு பற்றீரியப் புரதம். திரும்பவும் 1 மூலர் உப்புக் கழுவலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.